குளத்துக்கு அம்மை போட்டபோது

மீன் குளத்து வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். தீவனத்தில் கலக்கிற தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பீர்கள். புளித்த மாவு வாடை அடிக்கும். முகத்தைச் சுளித்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அந்தப் பார்வை கேட்கும்.

ஓய்வு பெற்றுப் போனவளை மறுபடி மலையேறி வரச் சொல்லி, பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு தூள், எப்படி நிழலில் காய வைப்பது என்பதெல்லாம் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துக்காட்ட நான் வரவில்லை. உங்கள் அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். பொய்யில்லை. கைப்பேசியை உள்ளே வையுங்கள்.

இந்தத் தூளை எனக்கு முதலில் விற்றவர் கம்போங் ராஜாவில் தீவனக் கடை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி. மீன் வளர்ப்பில் டிப்ளோமா வாங்கி, பேராக் பக்கம் பெரிய பெரிய குளங்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். எனக்குத் தெரியாததா என்று நினைப்பு. டப்பாவை வாங்கி, வெயில் அடித்துக்கொண்டிருந்த காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, மற்ற சாமான் வாங்க மறுபடி கடைக்குள் போனேன். மனிதர் எழுந்து வந்து, கார்க் கதவைத் திறந்து, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கடையின் இருட்டு மூலையில் வைத்துவிட்டார். "இது மருந்தில்லை, உயிர்," என்றார் மலாயில். "மாடு வாங்கினால் இப்படித்தான் காருக்குள் பூட்டி வெயிலில் விடுவாயா?"

அவர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆனால் அதன் பிறகு அந்தத் தூளைத் தொடும்போதெல்லாம் கை சற்று மெதுவாகும். ஒரு சிட்டிகையில் எத்தனை கோடி உயிர் தூங்குகிறது என்று யாராலும் எண்ண முடியாது. நீர் பட்டதும் அவை விழித்துக்கொள்கின்றன. மீனின் குடலுக்குள் போய், கூட்டமான பஸ்ஸில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறவர்களைப் போல இடம் பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வருகிற கெட்ட கிருமிக்கு உட்கார இடமில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணெதிரே இருக்கிற ஒன்றைக் காப்பாற்றுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

ரிங்லெட்டுக்கு மேலே இருக்கிற நம் தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் இந்தக் குளம் மீன் பிடித்து விற்கிற குளம் இல்லை. இது தாய்க் கெண்டைகளின் குளம். இவற்றிடமிருந்து குஞ்சு எடுத்து வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கிறோம். ஒரு தாய்க் கெண்டை நல்ல முட்டை இடுகிற அளவுக்கு வளர வருஷக்கணக்காகும். இந்தக் குளிர்த் தண்ணீரில் இன்னும் கூடுதலாக ஆகும். போனால் கடையில் வாங்கிக்கொள்கிற சரக்கில்லை.

குளத்தில் எனக்குத் துணையாக இருந்தவள் அஞ்சலை. சரிவில் கொழுந்து பறித்தே முழங்கால் போனவள். மலையேற முடியாது என்றானதும் குளத்து வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தீவனம் கலப்பது, போடுவது, கரையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ஜொகூரில் ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இடித்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறான். அஞ்சலைக்கு இருந்தது தோட்டத்து லைன் வீடு. வேலை இருக்கும்வரை அந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வருஷம் மேலே ஒரு தேநீர்க் கடை கட்டி, தேயிலைச் சரிவைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். கார்கள் ரோட்டோரமெல்லாம் நின்றன. நிறுத்த இடமில்லை. சமதளமான இடம் என்று பார்த்தால் இந்தக் குளம் ஒன்றுதான். மண்ணடித்து மூடினால் அருமையான பார்க்கிங் என்று கோலாலம்பூர் ஆபீசில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மேனேஜர், ஆட்கள் வாயில் இன்னும் துரைதான், கிள்ளானிலிருந்து வந்த தமிழ்ப் பையன். கெட்டவன் இல்லை. "தாய் மீன் இருக்கறவரைக்கும் நான் பேசுவேன் மேடம். மீனே இல்லன்னா எத வச்சுப் பேசறது?" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தான்.

அப்படியிருக்கும்போதுதான் மழை பிடித்தது. மழையென்றால் விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து சேறு இறங்கி, ஓடையே பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் வந்தது. குளம் குளிர்ந்துபோயிற்று. மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஒரு நாள் வலை போட்டுப் பார்த்தபோது பெரிய தாய்மீன் ஒன்றின் விலாவில் சிவப்பாக ஒரு கொப்புளம். செதில் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு இன்னொன்றுக்கு. பிறகு பலவற்றுக்கு.

தூள் கலந்த தீவனத்தைத்தான் நம்பினேன். வருஷக்கணக்காக அதுதான் இந்தக் குளத்தைக் காத்தது. நோய் வரும், ஆனால் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தாங்கவில்லை. நாளுக்கு நாள் புண் அகலமாயிற்று. இத்தனை காலம் வேலை செய்த தூள் இப்போது ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். டப்பாவை மாற்றினேன். தண்ணீரைச் சோதித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அஞ்சலை தீவனக் கூடையை என்னிடம் நீட்டினாள். வாங்கும்போது அவள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"அஞ்சல, கையக் காட்டு."

கையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தீவனத்துல என்ன போட்ட?"

"கொஞ்சம் மஞ்சத்தூள்தான்கா."

"எப்பலேருந்து?"

"செவப்பு தெரிஞ்ச நாள்லேருந்து. மீனுக்கு அம்மா வந்திருக்குக்கா. ஒடம்பு பூரா கொப்பளம் பாக்கலயா நீங்க? எங்க லைன்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. இன்னைக்கு வேப்பிலயும் அரைச்சு ஊத்திட்டா எறங்கிடும்."

கொட்டகை மூலையில் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. பிரித்தேன். பச்சைப் பசேலென்று வேப்பிலை. இந்தக் குளிர் மலையில் வேப்பமரம் ஏது? கீழே தாப்பாவில் இருக்கிற சொந்தக்காரனிடம் சொல்லி, காய்கறி ஏற்ற மலைக்கு வந்த லோரியில் வரவழைத்திருக்கிறாள். பக்கத்தில் அம்மிக்கல்லும் கழுவித் தயாராக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஏண்டி, நான் ஒருத்தி இங்க எதுக்கு இருக்கேன்?" என்று கத்திவிட்டேன். தூளுக்குள் இருப்பது கிருமி, நல்ல கிருமி, மஞ்சள் நல்லது கெட்டது பார்க்காது, எல்லாவற்றையும் போட்டு அடிக்கும், நீ ஒரு கையால் போட்டதை இன்னொரு கையால் கொன்றுகொண்டிருக்கிறாய் என்று மூச்சு விடாமல் பேசினேன்.

அஞ்சலை மஞ்சள் விரல்களைக் கைலியில் துடைத்தாள். பிறகு மெல்ல, "கிருமியாக்கா? இத்தன வருஷமா என் கையால கிருமியையா போட்டேன்? சத்து மாவுன்னுல்ல நெனச்சேன்," என்றாள். அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதே இல்லை. கலக்கச் சொன்னோம், கலந்தாள்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே துரையின் கார் வந்து நின்றது. கையில் ஒரு அட்டைப் பெட்டி. யாரோ சொல்லி ஈப்போவிலிருந்து வாங்கி வந்திருந்தான். மனிதருக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற கடுமையான கிருமிக்கொல்லி மருந்து. அப்படியே தண்ணீரில் கொட்டுகிற வகை.

"மேடம், இத இன்னைக்கே போட்டுடுங்க. அடுத்த திங்கள் கேஎல் ஆபீசுலேருந்து ஆளுங்க எறங்கறாங்க. செத்த மீன் மெதக்கற குளத்த அவங்களுக்குக் காட்ட முடியாது லா. அப்புறம் என்ன, மண்ணு லோரிதான் வரும்."

அஞ்சலை மூட்டையைப் பார்த்தாள். துரை பெட்டியைப் பார்த்தான். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் வேலையில் நெருக்கடி என்பது எதையாவது செய்யத் தோன்றுவதுதான். கை சும்மா இருக்காது. எதையாவது ஊற்று, எதையாவது போடு, அப்புறம் செத்தாலும் நாம் முயற்சி செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேராக்கில் நான் வேலை பார்த்த இடத்தில் இதே போல ஒரு குளத்தில் மருந்தைக் கொட்டினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. முதலாளி கைதட்டினார். அடிச்சேற்றில் இருந்து அழுக்கைத் தின்றுகொண்டிருந்த நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை. தின்ன ஆளில்லாமல் அழுக்கு நஞ்சானது. பிறகு செத்த மீனை அள்ளிக் கொட்ட லோரி போதவில்லை. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நோய்க்கு அது இல்லாமல் ஆகாது. தீனியே எடுக்காமல் அடியில் கிடக்கிற மீனுக்கு, மஞ்சளில் அடிபட்டுப் பாதி காலியாகிக் கிடக்கிற குடலுக்கு, இது ஆகாது என்று என் மனசு சொன்னது. உறுதியாகத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது.

அந்த நேரத்தில் அஞ்சலைக்கு விளக்க எனக்கு விஞ்ஞானம் கைகொடுக்கவில்லை. கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே அழுகிறவளிடம் எதைச் சொல்வது? சட்டென்று அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டேன்.

"அஞ்சல, அம்மா வந்திருக்குன்னுதானே சொல்ற?"

"ஆமாக்கா."

"அம்மா ஏறிட்டிருக்கும்போது தலைக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

விசும்பலை நிறுத்தினாள். "மாட்டாங்கக்கா. எறங்கினப்பறம்தான் வேப்பிலயும் மஞ்சளும் போட்டு ஊத்துவாங்க."

"இப்ப எறங்கியிருக்கா?"

"இல்ல."

"அப்ப எந்த ஊர்ல நீ இன்னைக்கு வேப்பில ஊத்தப் போற? அம்மா வந்த வீட்டுல என்ன செய்வாங்க, சொல்லு."

அஞ்சலை யோசித்து யோசித்துச் சொன்னாள். சத்தம் போடமாட்டார்கள். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். தாளிக்கமாட்டார்கள். வயிறு நிறையப் போடாமல் குளிர்ச்சியாகக் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பார்கள். மருந்து கொடுக்கமாட்டார்கள். அவளாக இறங்கும்வரை காத்திருப்பார்கள்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு சிலிர்த்தது. டிப்ளோமா வகுப்பில் நோய்ப்பட்ட குளத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதிக்கு மேல் அதில் இருந்தது. மனித அம்மைக்கு அது சரியா தப்பா என்று பேச நான் ஆளில்லை, பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஆனால் அந்தக் கெண்டைகளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அதுதான்.

"அதேதான் செய்யப் போறோம்," என்றேன்.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேடம், நீங்க படிச்சவங்க. நீங்களுமா வேப்பில கத பேசறீங்க?"

"நீங்க கொண்டு வந்ததும் வேப்பிலதான் சார். பெட்டியில அடைச்சு வந்திருக்கு, அவ்வளவுதான். அவ ஊத்த நெனச்சதும் எல்லாத்தையும் கொல்லும், நீங்க ஊத்த நெனச்சதும் எல்லாத்தையும் கொல்லும். ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் கொண்டு வந்தீங்க. ரெண்டும் கொட்டகையில இருக்கட்டும். திங்கள் வரைக்கும் எனக்கு விடுங்க."

"திங்கள் காலையில சரியாகலன்னா?"

"அப்புறம் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் பணயம் வைத்தது என் வேலையை இல்லை என்று தோன்றியது. எனக்கு எங்கே போனாலும் ஒரு குளம் கிடைக்கும்.

அன்று மாலையே ஓடைத் தண்ணீரைச் சரளைக்கல் வழியாக வடிய விட்டு, தெளிந்த தண்ணீர் மட்டும் மெல்லக் குளத்துக்குள் வரும்படி செய்தோம். மஞ்சள் தீவனத்தை மூட்டையோடு ஒதுக்கினோம். முதலில் தீனியே போடவில்லை. பிறகு புதிய தூள் கலந்து, ஒரு பிடி, அரைப் பிடி. வலை போடுவதை நிறுத்தினோம். அஞ்சலை கரையைச் சுற்றிக் கயிறு கட்டினாள். தேநீர்க் கடையிலிருந்து படம் எடுக்க இறங்கி வந்த ஒரு இளம் ஜோடியை வாயில் விரல் வைத்து நிறுத்தி, "அம்மா வந்திருக்கு, சத்தம் போடாதீங்க," என்றாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ குழந்தை தூங்குகிறது என்று நினைத்திருக்கவேண்டும், அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போனார்கள். மத்தியானச் சோற்றில் எனக்கும் ஒரு கரண்டி பருப்பு ஊற்றினாள். தாளிக்காத பருப்பு.

அந்த வாரத்தில் ஒரு தாய்மீன் செத்தது. நானே கண்டெடுத்தேன். இனி ஒன்று போனாலும் கதை முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். அஞ்சலை மீனைப் பார்க்கவில்லை. கொட்டகை மூலையில் வாடிக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு கைப்பிடி மட்டும் அரைச்சு..."

"வேணாம் அஞ்சல."

"சரிக்கா," என்றாள். அவ்வளவுதான். போய் மீனைப் புதைக்கக் குழி தோண்டினாள்.

நானும் அந்த மருந்துப் பெட்டியைப் பார்க்காமல் இல்லை. ஒருமுறை கையில் எடுத்தும் பார்த்தேன். மூடியை மட்டும் திறக்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அறிவு என்று சொல்லமாட்டேன். அந்தத் தவுக்கே டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நிழலுக்குப் போனாரே, அந்த நடை கண்ணில் வந்தது. மாடு வாங்கியவன் நடக்கிற நடை. உள்ளே உயிர் இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினால், அதற்கு வேலை செய்ய நேரம் கொடுக்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. நெடுநாளைக்குப் பிறகு வெயில் குளத்துக்குள் அடிவரை இறங்கியது. நான் கரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் புண் வந்த அந்தப் பெரிய தாய்மீன் மெல்ல மேலே வந்து, எனக்கு நேரே விலாவைக் காட்டித் திரும்பியது. புண் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லியதாக ஒரு வெள்ளை வளையம். நகத்தின் அடியில் இருக்கிற பிறை அளவுக்கு. புதுத் தோல்.

யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அதற்குக் கட்டுப் போடவில்லை. சேற்றுத் தண்ணீருக்குள், குளிருக்குள், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்திருக்கிறார்கள். மீன் வேலையில் இவ்வளவு காலம் இருந்துவிட்டு, முதல் தடவையாகக் குளத்தைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன். அஞ்சலை அரைப் பிடி தீவனம் போட்டாள். தாய்மீன் வாயைத் திறந்து எடுத்தது. பிறகு இன்னொன்று வந்தது. பிறகு தண்ணீரே அசைந்தது.

திங்கள் காலையில் துரை வந்து நெடுநேரம் நின்று பார்த்தான். "என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டான். ஒன்றும் போடவில்லை என்றேன். நம்பவில்லை. கொட்டகைக்குப் போய், தான் கொண்டுவந்த பெட்டி பிரிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தான். கேஎல்லிலிருந்து வந்தவர்கள் மேலிருந்தபடியே படம் எடுத்தார்கள். தீனிக்கு மேலெழுந்து வருகிற கெண்டைகளைப் பார்த்து, சுற்றுலாக்காரர்கள் இதையும் பார்க்கலாமே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். கார் நிறுத்துமிடத்தை மேலே பழைய கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அஞ்சலைக்கு அன்று பாதி நாள் வேலை. செய்தியைச் சொல்ல லைனுக்கு ஓடினேன். அத்தனை வருஷம் ஒன்றாக வேலை பார்த்தும் அவள் வீட்டுக்குள் நான் போனதில்லை. குளத்தில் பார்ப்போம், குளத்திலேயே பிரிந்துவிடுவோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வீடு காலியாக இருந்தது. சுவரில் சாமிப் படங்கள் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரங்கள். பாத்திரம், துணி, மெத்தை எல்லாம் பெட்டிகளில் கட்டி, கயிறு போட்டு, வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தது. அஞ்சலை நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அஞ்சல இது?"

"மீன் பொழைக்காதுன்னு நெனச்சேன்கா." வெட்கப்பட்டாள். "திங்கக்கெழம திடீர்னு காலி பண்ணச் சொன்னா அவசரத்துல சாமான் ஒடஞ்சிடும்ல. அதான் அந்த மீனு செத்த அன்னைக்கே கட்ட ஆரம்பிச்சேன். கேஎல் ஆளுங்க சொல்றவரைக்கும் அவுக்க வேணாம்னு விட்டுட்டேன்."

"பொழைக்காதுன்னு நெனச்சவ ஏன் அந்த வேப்பிலய ஊத்தல? நான் இல்லாத நேரம் எவ்வளவோ இருந்துச்சே."

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்களேக்கா."

தூளுக்குள் தூங்குகிற உயிரைப் பார்த்து வியந்தேன், புண்ணைச் சுற்றி வந்த வெள்ளை வளையத்தைப் பார்த்துக் கைகூப்பினேன் என்றெல்லாம் உங்களிடம் சொன்னேன். அது எல்லாம் சின்னது பிள்ளைகளே. நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை. நான் செய்வது தப்பு, மீன் சாகப் போகிறது, வீடு போகப் போகிறது என்று அவள் முழு மனசோடு நினைத்தாள். தன்னைக் காப்பாற்றும் என்று அவள் நம்பிய பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதைத் தொடாமல், பகலில் என்னோடு குளத்தைக் காத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் வாழ்க்கையைப் பெட்டியில் கட்டியிருக்கிறாள். காத்திருக்கச் சொன்னவள் நான். காத்திருந்தவள் அவள். நாளைக்கு நீங்களும் யாரிடமாவது பொறு என்று சொல்வீர்கள். சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முன்னால் ஒரு நடை அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

குளம் இருக்கப் போகிறது என்று சொன்னேன். அஞ்சலை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "உக்காருங்கக்கா, தேத்தண்ணி ஊத்தறேன்," என்றாள். ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, பேப்பரில் சுற்றி வைத்திருந்த இரண்டு தம்ளர்களை வெளியே எடுத்தாள். அடுப்பும் கட்டித்தான் இருந்தது. அதை நான் அவிழ்த்தேன்.